ராணிக் காசு இரண்டு

ராணித் தலை போட்ட பழைய வெள்ளிக் காசு ஒன்றுதான் மாமனாரிடம் இருந்தது. இரண்டு மருமகள்களுக்கும் மனக்குறை வரக்கூடாதென்று, அதே மாதிரி இன்னொன்று செய்யச் சொல்லி, எது அசல் என்று வாயே திறக்காமல் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மூத்தவள் செண்பகவல்லி தன் காசுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். இளையவள் இந்துமதி மஞ்சள் பூசினாள். எது அசல் என்று அறியும் அரிப்பு தாங்காமல் ஒருநாள் இருவரும் சேர்ந்தே வெள்ளிக்கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் முதல் காரியமாக இரண்டு காசையும் ஒரே கிண்ணத்தில் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நல்ல வெள்ளிதாம்மா. ஆனா இதோட விளிம்புல வார்ப்பு ஒட்டின கோடு தெரியுது. இது புதுசா செஞ்சது. இன்னொண்ணுதான் அசல்."

"இதுல எது யாரோடதுங்க?" என்றாள் இந்துமதி.

கடைக்காரர் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தார். செம்மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது.

புதுக் காசில், ராணியின் காதருகே ஒரு சின்னப் பள்ளம். செண்பகவல்லியின் மகன் குழந்தையாக இருந்தபோது அம்மிக்குழவியால் தட்டியது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்க மூத்தவங்க. அசலை நீங்களே வச்சுக்கோங்கக்கா" என்றாள் இந்துமதி.

செண்பகவல்லி கையை நீட்டினாள். அது இரண்டு காசுக்கும் நடுவே, கண்ணாடி மேசைமேல் போய் நின்றது.