ஏரிக்கரை வாடகை

"ஏரிக்காத்துக்கா இவ்வளவு வாடகை? பேசாம வாடகை கம்மியா இருக்குற கரியா பக்கம் போயிடலாம்" என்று நேற்று வசுமதி சொன்னதும், "அங்க ஏரியைச் சுத்தி நடக்க முடியுமா?" என்று தான் மழுப்பியதும் பரசுராமனின் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன.

இன்று லேக் மார்க்கெட்டில் அவள் முட்டைக்கோசுக்கு விடாமல் பேரம் பேசினாள்.

"அண்ணே, அண்ணி கேக்குற விலைக்குக் குடுத்தா நான் ஏரியிலதான் குதிக்கணும்!" என்றார் கடைக்காரர் வங்க மொழியில்.

பரசுராமன் சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க. கரியாவுல வீடு பார்த்தாச்சு. நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்" என்றாள் வசுமதி.

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

வீடு திரும்பி மாடியேறினார்கள். அவள் வீட்டு வாசலில் நின்று, இரண்டாக வெட்டி வாங்கிய கோசில் ஒரு பாதியை அவள் பையில் போட்டார். மறு பாதி, எதிரே இருந்த அவருடைய வீட்டுக்கு. அவர் மனைவியும் அவள் கணவரும் காலமான பிறகு, சில வருஷமாக இப்படித்தான் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறார்கள்.

"போகத்தான் வேணுமா?"

"எனக்கு மட்டும் ஆசையா? ஒருத்தி பென்ஷன்ல இங்க சமாளிக்க முடியல. வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

கதவைத் திறந்த பிறகும் அவள் உள்ளே போகவில்லை. இத்தனை நாள் கேட்கத் தயங்கியதை அவர் ஒருவழியாகக் கேட்டார்.

"எதுக்கு ரெண்டு வாடகை, வசுமதி? என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"