ஜாக்கி ராடு அண்ணியிடம்

"அண்ணி, ஜாக்கி ராடைக் காணோமே?"

"என்கிட்டதான் இருக்கு தம்பி. நீங்க வேலையை முடிச்சுட்டு வண்டிக்கு அடியில இருந்து வெளிய வாங்க, தர்றேன்."

பில் போடும் மேஜைக்குப் பின்னால், அந்த நீளமான இரும்புக் கம்பியைப் பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தாள். சின்னவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராடு இல்லாமல் ட்ராலி ஜாக்கியை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. பத்து வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவன், ஒரு கம்பிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது!

மூன்று வாரமாக இந்தக் கூத்து. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்ததும் ராடை உருவி அண்ணியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அண்ணன் போட்ட உத்தரவு.

"எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று முதல் நாளே கேட்டான்.

"பாதுகாப்புக்குத்தாண்டா."

"யார்கிட்ட இருந்து?"

பெரியவன் ராடை உருவிக்கொண்டு மேஜைப் பக்கம் போய்விட்டான்.

அதற்கு முதல் நாள் நடந்ததைச் சின்னவனால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்று ஒரு காருக்கு அடியில் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தான். வண்டி ஜாக்கியில்தான் நின்றது. ஸ்டாண்டை ரெண்டு விரல் இடைவெளி விட்டு, ஒரு பேருக்கு வைத்திருந்தான். திடீரென்று 'டம்'மென்று மொத்த வண்டியும் இறங்கி ஸ்டாண்டில் மோதி நின்றது. அந்த ஸ்டாண்ட் மட்டும் இல்லையென்றால் அவன் இன்று சுவரில் படமாகத் தொங்கியிருப்பான்.

பதறியடித்து வெளியே வந்தபோது, ஜாக்கிக்குப் பக்கத்தில் பெரியவன் தரையில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. வாயைத் துடைத்துக்கொண்டே, "ஜாக்கியோட சீல் போயி எண்ணெய் ஒழுகிடுச்சு போலடா" என்றான்.

அன்று சாயங்காலமே சின்னவன் ஜாக்கியைப் பிரித்துப் பார்த்தான். சீல் புதுசு போல இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, உள்ளே காற்றும் புகவில்லை. அப்படியானால் வண்டி ஒரே வழியில்தான் இறங்கியிருக்க முடியும். யாரோ ராடைத் திருகி வால்வைத் திறந்திருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ! பக்கத்தில் இருந்தது ஒரே ஆள்தானே?

கடை ரெண்டு பேர் பேரிலும் இருந்தது. அதில் ஒரு பேர் இல்லாமல் போனால்? நினைக்கவே கூசியது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து பெரியவன் எந்த வண்டிக்கு அடியிலும் போவதில்லை. ஓட்டிப் பார்க்கிற வேலையைக்கூடச் சின்னவன் தலையில் கட்டிவிட்டான். கடைக்கு வருவதும் போவதும் அண்ணியின் ஸ்கூட்டரில் பின்னால், துரை மாதிரி உட்கார்ந்துகொண்டு.

இன்று ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சின்னவன் முடிவு கட்டினான்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். ஸ்டாண்டை ஒரு தடவைக்கு நாலு தடவை ஆட்டிப் பார்த்தான். மற்ற நாட்களில் கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தில் அடியில் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. இன்று அதையும் அணைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, ஸ்பேனரைச் சும்மா தட்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டான்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவனின் செருப்பு தெரிந்தது. நேராக ஜாக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அந்த ராடைக் குடு" என்றான் அண்ணியிடம்.

"தம்பி அடியில இருக்காரு."

"எனக்குத் தெரியாதா? குடு."

"முடியாதுங்க."

"சொல்றேன்ல? குடுடி!"

"நீங்க தலைகீழா நின்னாலும் தரமாட்டேன்."

உருண்டு வெளியே வந்த சின்னவன் ஸ்பேனரை விட்டெறிந்தான்.

"அண்ணே! நான் உள்ள இருக்கிறது தெரிஞ்சுதான் கேக்குறியா? அன்னிக்கும் நீதானே? சீலுக்கு ஒண்ணும் ஆகல, நான் பிரிச்சுப் பாத்துட்டேன்! கடை வேணும்னா வாய் விட்டுக் கேட்டிருக்கலாமே, எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேனே! இந்த அண்ணி மட்டும் இல்லேன்னா என் கதை இன்னிக்கு முடிஞ்சிருக்கும்!"

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவனாயிற்றே.

பெரியவன் மேஜைப் பக்கம் திரும்பினான். மனைவியைப் பார்த்து, "பரவாயில்ல, அதட்டினாலும் நீ குடுக்கல" என்றான். குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. சின்னவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

அண்ணி மேஜை டிராயரிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"அன்னிக்கு உங்க அண்ணனுக்கு வலிப்பு வந்துச்சு தம்பி. பிடிச்ச ராடை விடாம, அப்படியே திருகிக்கிட்டு விழுந்துட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சா வீட்டோட இருக்கச் சொல்லிடுவீங்கன்னு மறைச்சாரு. 'அது மறுபடி வந்தா நான் என்ன பண்ணுவேன், என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. தம்பி வெளிய வர்ற வரைக்கும் நானே வந்து கேட்டாலும் ராடைக் குடுக்காதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினதும் அவர்தான், நான் ஏமாந்து குடுத்துடுவேனோன்னு அப்பப்ப வந்து கேட்டுப் பாக்குறதும் அவர்தான்."