ஊசித்துளை

இருட்டில் இருமல் சத்தம். தூக்கிவாரிப்போட்டு எழுந்தவள் தொட்டிலுக்குள் கை வைத்துப் பார்த்தாள். குழந்தை சீராகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இருமியது வாசலில் நின்ற கார்.

ஓடியது. விக்கியது. நின்றது. மறுபடி ஓடியது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டு மெக்கானிக்! சாயந்திரம் சாவியை வாங்கிக்கொண்டு, "பாக்கறேன்" என்ற ஒற்றை வார்த்தையோடு போன முசுடு. இப்போது டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்ரோல் மூடியில் கை வைக்கிறான்.

"பெட்ரோல் திருடறான்டி!" மாமியார் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். "அவனை நம்பி சாவியைக் கொடுத்தியே மகராசி! நீ கை வச்ச எதுதான் உருப்பட்டிருக்கு?"

கணவன் கப்பலில். குழந்தைக்கு மூச்சு இழுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட இந்தப் பழைய காரை விட்டால் வேறு கதி இல்லை. அதுவும் நாலு நாளாக, கிளம்பிய வேகத்தில் நின்றுவிடுகிறது.

கதவைத் திறந்தாள்.

"என்ன பண்றீங்க?"

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். "உஷ்! கேளும்மா."

மூடியைத் தளர்த்தினான்.

ஸ்ஸ்ஸ்...

தண்ணீரில் மூழ்கி எழுந்த ஆள் மாதிரி கார் காற்றை உள்ளே இழுத்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"வண்டிக்கு மூச்சு முட்டுதும்மா. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள்ள காத்து போகணும். அதுக்கு மூடியில ஊசித்துளை ஒண்ணு இருக்கு. அது அடைச்சிருச்சு."

மூடியை நகத்தால் சுரண்டித் திரும்பப் போட்டார். சாவியைத் திருப்பினார். பத்து நிமிடம் ஓடியும் கார் நிற்கவே இல்லை.

"இதுக்கு ராத்திரிதான் கிடைச்சுதா?" என்றாள் மாமியார்.

"பட்டறை இரைச்சல்ல இந்த மூச்சு காதுல விழாது பெரியம்மா. குழந்தைக்கும் ராத்திரியிலதானே இழுக்குது? விடியட்டும்னு எப்படி விடறது?"

"அது சரி, துளை தானாவா அடைச்சுது? யாரு கை வச்சா?"

அவர் ஒரு கணம் மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"தூசி, பெரியம்மா. வெறும் தூசி."

மாமியார் முணுமுணுத்தபடி உள்ளே போனாள். அவர் சாவியை நீட்டினார். "ஈரக்காத்தும்மா. கதவைச் சாத்திக்க."

சாவியோடு என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது. கரடிக்குட்டி படம் போட்ட பிளாஸ்திரி. பெட்ரோல் வாடை குழந்தைக்கு ஆகாதென்று போன வாரம் அவளே அந்தத் துளைமேல் ஒட்டியது.

அதை உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொண்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.