ஊசிமுனையில் விரல்

மின்னழுத்தத்தை அல்ல, மின்னோட்டத்தைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்தான் தன் ரெக்கார்டு பிளேயருக்கு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவந்தார் எட்வின். "சார், உங்க பிளேயர் ஊசியோட சுருள்ல ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி. இதுல சத்தமே வராது" என்று கடைக்காரர் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு கூர்மையான காதாம். வீட்டில் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. தப்பு ஊசியில் இல்லையாம், வீட்டில்தானாம். மின்விசிறியை நிறுத்தினார். ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கினார், பால் திரிந்துபோனது. வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி ஜெசிந்தாவிடம், "உன்னாலதான்டி ஒண்ணும் கேக்கல" என்று கத்தினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரெக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கி, அதன் முனையில் ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல இழுத்தாள். சோப்பில் வெடித்த தோலின் ஒவ்வொரு பிளவும் ஸ்பீக்கரில் கரகரவென்று இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இப்ப கேக்குதா?" என்றாள். அவர் வால்யூமைக் குறைக்கப் பாய்ந்தார். "கை வைக்காதீங்க" என்ற ஜெசிந்தா அடுத்த விரலை ஊசிக்கு நீட்டினாள். "இந்த ரெக்கார்டுல இன்னும் ஒரு பக்கமே முடியல."