தும்புத்தடியில் ஒரு தொப்பி

துஷாந்தினி கதிரையில் ஏறி நின்றாள். அவள் விழுந்துவிடாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தியிருந்தவர் அவளுடைய கணவர் மகேந்திரராசா.

அவள் கையில் ஒரு தும்புத்தடி. மொன்றியலில், லாசால் பகுதியிலிருந்த அந்தக் கலியாண மண்டபத்தைக் கூட்டுகிற தடிதான். தும்பைக் கழற்றிவிட்டு நுனியில் ஒரு கறுப்புத் தொப்பியைக் கவிழ்த்திருந்தார்கள்.

தாலி கட்டி, பந்தியும் முடிந்த பிறகு வந்த கூத்து இது. மணமகள் வித்தியா, மகேந்திரராசாவின் தங்கை மகள். மாப்பிள்ளை டிலக்ஷன் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவன். நோர்வேயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பங்குக்கும் ஓர் ஆட்டம் காட்டுவோம் என்று எழும்பிவிட்டார்கள்.

டிலக்ஷன் மைக்கைப் பிடித்து விளக்கம் சொன்னான். இங்கிலீஷில் ஃபோக் டான்ஸ், நோர்வே மொழியில் ஃபொல்கெடான்ஸ், இரண்டும் ஒன்றுதான். ஆடுகிற கூட்டத்துக்கு அங்கே லெய்காரிங் என்று பெயர். விளையாடுகிறவர்களின் வட்டம் என்று அர்த்தம். இந்த ஆட்டம் ஹாலிங். ஒரு பெண் தடியில் தொப்பியை நீட்டிப் பிடிப்பாள். ஆண் துள்ளி எழும்பிக் காலால் அதைத் தட்டி விழுத்த வேண்டும். ஹாலிங்குக்கு இங்கிலீஷில் தனிச் சொல் கிடையாது.

"உயர்த்திப் பிடிக்கிறதோ பதிச்சுப் பிடிக்கிறதோ, அது பொம்பிளையின்ர விருப்பம்," என்று அவன் முடித்ததும் சபை சிரித்தது.

மகேந்திரராசா சிரிக்கவில்லை.

புவாண்ட்-கிளேரில் ஒரு கந்தோரில் வேலை பார்த்து, இங்கிலீஷையும் பிரெஞ்சையும் வைத்தே காலம் தள்ளுகிறவர் அவர். வீட்டில் எந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேண்டுமென்றாலும் துஷாந்தினி அவரைத்தான் கேட்பாள். ஃபோக் டான்ஸ் என்றால் எங்களுடைய நாட்டுக்கூத்து மாதிரி என்று சொல்லிக்கொடுக்க இன்று வாயெடுத்தார். அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் ஞானேந்திரன் சொல்லிக்கொடுத்தானாம். ஹாலிங், ஹாலிங் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தும் விட்டாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் அவர் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

ஞானேந்திரன் மாப்பிள்ளையின் சித்தப்பா. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துஷாந்தினிக்கு முதலில் பேசின மாப்பிள்ளையும் அவன்தான். சாதகம் பொருந்தவில்லை என்று பெரியவர்கள் பேச்சை விட்டார்கள். அவன் நோர்வேக்குப் போனான். அவள் மகேந்திரராசாவைக் கட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தாள்.

இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் அவனைப் பற்றிக் கதைத்ததில்லை. கதைத்திருந்தால் ஒரு சண்டை பிடித்து முடித்திருக்கலாம்.

ஞானேந்திரன் கோட்டைக் கழற்றிவிட்டுச் சேர்ட் கையை மடித்தபடி நடுவுக்கு வந்தான். ஐம்பத்தைந்து வயதாகியும் வயிறு வைக்கவில்லை. வயிற்றெரிச்சல் தொடங்கியதே அந்த வயிறு இல்லாத வயிற்றைப் பார்த்துத்தான்.

மகேந்திரராசா கதிரைக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து தடியைப் பார்த்தார். பதித்துவிடுவாளோ? ஒரு சாண் பதித்தாலே போதும், அவருடைய இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கை சந்தி சிரித்துவிடும். மற்றவர்கள் நாளைக்கே மறந்துவிடுவார்கள். அவரால் முடியாது.

ஞானேந்திரன் ஓடிவந்து எழும்பினான்.

துஷாந்தினி தடியைச் சட்டென்று உயர்த்தினாள்.

அவன் கால் தொப்பிக்குக் கீழே காற்றைத்தான் உதைத்தது. ஒற்றைக் காலில் இறங்கி, ஆடாமல் நின்று, தலையைச் சொறிந்தான். மண்டபம் கூவியது.

மகேந்திரராசாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. என்ன இருந்தாலும் என் மனுசி என் மனுசிதான் என்று நினைத்துக்கொண்டார். சும்மா சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டார்.

"நானும் ஒருக்காப் பாக்கிறன்," என்று முழங்கால் முறிகிற சத்தத்தோடு எழும்பினார்.

கதிரையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. ஞானேந்திரனே வந்து குந்தினான். அதுவும் மகேந்திரராசாவுக்கு இனித்தது. இனி அவன் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கட்டும்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். தடி இறங்கியது. நெஞ்சளவுக்கு இறங்கி, இடுப்பளவுக்கு இறங்கி, இன்னும் இறங்கி முழங்காலுக்கே வந்துவிட்டது. அவர் துள்ளவே தேவையில்லாமல் போயிற்று. காலைத் தூக்கினார், தொப்பி பறந்தது.

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. மணவறையிலிருந்து வித்தியா "மாமா!" என்று கத்தினாள்.

அவனுக்கு உயர்த்தினாள், எனக்குப் பதித்தாள். இதைவிட ஒரு மனுசனுக்கு வேறென்ன வேண்டும்? கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த ஞானேந்திரனைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

துஷாந்தினி கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஏன் பதித்தாள் என்பதை அவள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது.

"எனக்கு மட்டும் ஏனப்பா அவ்வளவு பதிச்சனீர்?"

"விழுந்து கிழுந்து போவியள் எண்டு பயந்திட்டன்," என்றாள். உண்மையிலேயே பயந்துதான் இருந்தாள். அவர் முழங்காலைக் குனிந்து பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். பொறாமை பிடித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்ப அந்தாள் விழுந்திருந்தா?"

துஷாந்தினி யோசிக்கவேயில்லை.

"அவர் விழமாட்டார்," என்றாள்.