எட்டுக் குப்பிகள்

தூத்துக்குடி உப்பளத்தில் காலையில் குப்பியில் சிறுநீர் கொடுத்தால்தான் வாசல் திறக்கும். சிறுநீரகம் சட்டென்று வலிக்காது. வெக்கையில் வாடும்போது சிறு புரதங்களைத் தூதனுப்பி, வெள்ளணுக்களை உதவிக்குக் கூப்பிடும். வந்தவை நாள்கணக்கில் தங்கிவிட்டால் சிறுநீரகமே தழும்பேறிப் போகும். அந்தத் தூதைக் கண்டால் குப்பி சிவக்கும். அன்று வேலை கிடையாது.

அமலோற்பவத்தின் குப்பி மட்டும் சிவந்ததே இல்லை. அதனால் இரண்டு வருஷமாக அவளுடைய சிறுநீரையே அவளோடு சேர்த்து எட்டுப் பெண்களும் பங்கிட்டுக் கொடுத்துவந்தார்கள்.

இன்று எட்டும் ஒன்றாகச் சிவந்தன.

"என்ன தாயி, எட்டுப் பேருக்கும் ஒரே நாள்லயா சீக்கு?" என்று காவல்காரர் சிரித்தார்.

எட்டுப் பேரில் ஒருத்தியான பேச்சித்தாய் அமலோற்பவத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம வாக்கா. நாளைக்குக் குப்பிக்கு வேற ஆளப் பாத்துக்கிடலாம்."

"நம்ம குப்பி சிவக்கலன்னு காட்டித்தானளா மேனேஜரு நெழலும் தண்ணியும் தரமாட்டேங்கான்?" அமலோற்பவம் கையை விடுவித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, எட்டும் என்னுதுதான். மேனேஜரக் கூப்பிடுங்க. அதுக்குள்ள எட்டு வெறுங்குப்பி எடுங்க, இனி அவங்கவங்கதக் குடுப்பாங்க."

காவல்காரரின் சிரிப்பு நின்றது. முதல் குப்பியைப் பேச்சித்தாய்தான் வாங்கினாள்.