கண்ணில்லாத முப்பாட்டன்

"மேடம், இதுலயும் கண்ணு போயிடுச்சு."

உருப்பெருக்கியிலிருந்து தலையைத் தூக்கினார் ஆய்வக உதவியாளர். பேராசிரியை காலையிலிருந்து உட்காரவேயில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நூறு நடையாவது ஆகியிருக்கும்.

"தலை?"

"அதுவும் கரைஞ்சு போச்சு. முதுகு நெடுக ஓடுற தண்டு மட்டும் அப்படியே இருக்கு."

"பத்துல ஒன்பது ஆச்சு. கடைசிப் பெட்டியைத் திறங்க."

உதவியாளருக்குக் கை ஓடவில்லை. இருபது வருடம் குளிர்கிடங்கில் மீன் கெடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். இங்கே சேர்ந்த இரண்டு மாதமாக மீனை அழுக விட்டுப் பார்ப்பதுதான் வேலை. வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள். நாற்றம்கூடப் பழகிவிட்டது. மனசாட்சிதான் பழகவில்லை.

சுவரில் ஒரு கல்லின் படம். அதில் விரல் நீளத்துக்கு ஒரு பிராணியின் தடம். கண் கிடையாது, தலை கிடையாது, முதுகில் ஒரு தண்டு மட்டும். மீன், தவளை, மனிதன் என்று முதுகெலும்புள்ள அத்தனை பேருக்கும் இதுதான் முப்பாட்டன் என்று இருபத்தைந்து வருடமாக உலகமே கொண்டாடுகிறது.

"கண்ணே முளைக்காத முப்பாட்டனா, இல்ல கண்ணு அழுகிப்போன பேரனா? அதான் என் கேள்வி" என்றார் பேராசிரியை. "செத்த மீனு, மண்ணு மூடறதுக்குள்ள இப்படி அழுகியிருந்தா, அது முப்பாட்டனே இல்லையே!"

"இருந்துட்டுப் போகட்டுமே மேடம். கண்டுபிடிச்சவங்க பேரை ஏன் கெடுக்கணும்?" இத்தனை நாள் அடக்கி வைத்ததை உதவியாளர் கேட்டேவிட்டார்.

"அந்த ஆளுக்கு அவசரம். அன்னிக்கே பத்து மீனை அழுக விட்டுப் பாத்திருக்கலாம். எங்க? மாலைக்குக் கழுத்தை நீட்டத்தான் தெரிஞ்சுது."

என்ன வன்மம் இந்த அம்மாவுக்கு! உதவியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு நாள் செய்த தவறுக்காகக் கிடங்கு வேலையை இழந்தவர் அவர். நாலு பேர் முன்னால் தலைகுனிவது எப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். பத்தாவது பெட்டியைக் கை தவறியதுபோல் கீழே போட்டுவிட்டால் என்ன?

"கையிலயே வெச்சுக்கிட்டு என்ன யோசனை? கீழ போட்டாலும் விட மாட்டேன். மறுபடி மீன் வாங்கி முதல்லேருந்து ஆரம்பிப்பேன்."

உதவியாளர் திறந்தார். பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"பத்தும் ஒண்ணுபோலத்தான் இருக்கு மேடம்."

பேராசிரியை அப்போதுதான் உட்கார்ந்தார். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய படிவம் அது. அந்த முப்பாட்டன் கட்டுரை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதியிருந்தது.

எட்டிப் பார்த்த உதவியாளருக்குச் சட்டென்று உயிர் வந்தது.

"மேடம், கட்டுரையை எழுதினவங்கதான் இதுல கையெழுத்துப் போடணும்னு இருக்கே! யானைதான் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும். மனுஷங்க போட்டுப்பாங்களா?"

"உங்க பேனாவைக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார் பேராசிரியை.